சாயம் ஊற்றாத கிண்ணம்

ஜூன் 23, திங்கள்

நான்கு நாள் காய்ச்சல் விடுப்பு முடிந்து இன்று ஆய்வகத்துக்குத் திரும்பினேன். காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன், ஆகவே காய்ச்சல்தான். விடுதியில் என் அறையிலும் ஆய்வகத்தில் எனக்கு ஜூனியராகவும் இருக்கும் ஜெனோவா இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள். போன வாரப் பக்கத்தில் எலுமிச்சை சாதம் தின்ற கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. இனி இங்கே ஆராய்ச்சி மட்டுமே எழுதப்படும். ஏய் ஜெனோ, படிக்கிறாய் என்றால் படி. உருப்படமாட்டாய்.

ஆராய்ச்சி இதுதான். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் டி.என்.ஏ.வைப் பார்க்க வேண்டும். செத்த செல்லுக்கு எந்தக் கழுதையும் சாயம் ஏற்றிவிடும், திறந்த வீடு அது. உயிருள்ள செல் கண்ட சாயத்தையும் உள்ளே விடாது. அது மறுக்காமல் உள்ளே விடுகிற பச்சைச் சாயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே போய் டி.என்.ஏ.வை மட்டும் பிடித்துக்கொள்ளும். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். அந்தக் கோலத்தில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதை நான் ஒரே ஒரு படமாவது எடுத்தாக வேண்டும். ஜூலை 16 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. படம் இருந்தால் சார் கையெழுத்துப் போடுவார், முனைவர் பட்டம் கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஆறு வருஷம் ஏழாகும்.

சார் என்றால் பேராசிரியர் சங்கரபாண்டியன். தங்கமான மனிதர், கல்யாணம் என்ற சொல் காதில் விழாத வரைக்கும். ஆய்வக ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டி வைத்திருக்கிறார். அவரிடம் சேர்ந்து பாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன நான்கு பெண்கள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் வருஷம் போட்டு, 'படிப்பு முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார். நான் சேர்ந்த அன்று அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்திக் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். "படம் எடுக்குற வரைக்கும் யாருக்கும் கழுத்த நீட்ட மாட்டேன் சார். நீட்டினா நீங்க கையெழுத்துப் போட வேணாம்." என் வாயால்தான் சொன்னேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

இன்று கழுத்து வரை பட்டன் வைத்த சுடிதார் போட்டுக்கொண்டேன். மதுரை வெயிலில் ஏனக்கா இது என்று ஜெனோ கேட்டாள். தொண்டைக்கு நல்லது என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

மைக்ராஸ்கோப் விளக்கு எரியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். சர்வீஸ் இஞ்சினியர், வாசகம் என்று பெயர், திருச்சியிலிருந்து மதியத்துக்குள் வந்துவிட்டார். கடமை உணர்ச்சி உள்ளவர்.

சாருக்கு ஆச்சரியம். "ஏம்ப்பா, போன மாசம் மூணு தடவ, இந்த மாசம் இது ரெண்டாவது. இந்த மைக்ராஸ்கோப்புக்கு என்னதான் கேடு?"

"வோல்டேஜ் சார்" என்றார் இஞ்சினியர்.

ஒரே ஒரு திருகு. மூன்று மணி நேரம் பிடித்தது. மேற்பார்வைக்கு நான் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. அவர் கிளம்பிய பிறகு பார்த்தால் அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு மல்லிகைப் பூப் பொட்டலம் தவறி என் மேசைக்கு வந்திருக்கிறது. யாருக்கு வாங்கினாரோ பாவம். வாடிவிடுமே என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

ஒளிர்ந்தது! கிண்ணத்தில் செல்களுக்குச் சாயம் ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பச்சைப் பசேல் என்று ஜொலிக்கிறது. கத்திக்கொண்டே ஓடிப்போய் சாரை இழுத்து வந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"அரசிம்மா, நியூக்ளியஸ் எங்க?"

"அதான் சார், பச்சையா..."

"மொத்தமுமே பச்சையால்ல இருக்கு. டி.என்.ஏ. நடுவுல ஒரு வட்டமா தெரியணும். இது தோசை மாவு மாதிரி விளிம்பு வரைக்கும் பரவிக் கெடக்கு. சாயம் ஊத்தாத கிண்ணத்தக் காட்டு."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிண்ணத்தில் சாயம் ஊற்றாமல் வைப்பது வழக்கம். அது கருகும்மென்று இருக்க வேண்டும். இருந்ததா? அதுவும் பச்சைப் பசேல். எண்ணெய் ஊற்றாமலே விளக்கு எரிகிறது! என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. சார் அதை முழுதாகச் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். இன்று இரண்டு முறை சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

அசுத்தம் எங்கோ கலந்திருக்கிறது. மேசை, குழாய், கையுறை எல்லாவற்றையும் ஆல்கஹால் தெளித்துப் பத்து முறை துடைத்தேன். நேற்றைவிட அதிகமாக ஒளிர்கிறது.

ஜூன் 30, திங்கள்

புதிய சாயம், புதிய ஊட்டக் கரைசல், புதிய கிண்ணங்கள். அதே பச்சை. செல்கள் வேறு கொத்துக் கொத்தாகச் சாகின்றன. சாயம் ஏற்றிய செல்லை வெளிச்சம் போட்டு நெடுநேரம் பார்த்தால் அது தாங்காது, செத்துப்போகும். ஒரு பார்வை பத்து நொடிதான் என்பது விதி. நான் எங்கே தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தே கொன்றுவிட்டேன்.

ஆய்வகம் பெருக்க வரும் முத்திருளாயி அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "பாத்தாச் செத்துருமா? அப்ப அது கண்ணேறுதான தாயி. இதுக்குப் போயி படிச்சவுகள்லாம் மண்டைய ஒடைக்கிறீக" என்றவள் கல் உப்பும் மிளகாயும் எடுத்து மைக்ராஸ்கோப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். தடுக்க வந்த சாரையும் சேர்த்துச் சுற்றிவிட்டாள்.

"என்னை எதுக்கும்மா?"

"ஒங்களுக்கும் ஊர்க்கண்ணு இருக்கும்ல சார். இந்த வயசுல இப்பிடிப் பல்லு யாருக்கு இருக்கு?"

சார் உடனே குளிர்ந்துவிட்டார். அவருக்குப் பல் பெருமை உண்டு. அம்பத்தெட்டு வயசு, அத்தனையும் சொந்தப் பல், இன்றைக்கும் கரும்பு கடிப்பேன் என்று ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேசும்போதுகூடச் சொல்லிவிடுவார்.

ஜூலை 2, புதன்

திருச்சியிலிருந்து ஓர் அத்தை போன் செய்தார். தூரத்துச் சொந்தம். "குளிச்சதும் மறக்காம மஞ்ச பூசிக்கிறியாத்தா? மூணாம் மாசம் பிரிச்சுக் கோக்குற வரைக்கும் அது வெளுக்கக் கூடாதுடா தங்கம்" என்றார். எதைப் பற்றிச் சொன்னார் என்று சிக்னல் சரியில்லாததால் விளங்கவில்லை. சரிங்கத்தை என்று வைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் யோசனையாக நின்றிருந்தபோது முத்திருளாயி அக்கா, "அதென்ன தாயி, எந்நேரமும் காலருக்குள்ள கைய விட்டு விட்டு எடுக்குற? எறும்பு கடிக்குதா?" என்று கேட்டாள். கையுறையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

என்னிடம் உள்ள ஒரு பொருளிலிருந்து ஒரு நூல் பிசிறை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அம்மாடி! மீனாட்சி கோயில் கோபுரத்துக்குச் சீரியல் பல்பு போட்டது போல் எரிந்தது. மஞ்சள். மஞ்சளுக்குத் தானே ஒளிரும் குணம் உண்டு என்று எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும், உயிருள்ள செல்லுக்குள் சர்வசாதாரணமாக நுழையும். தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கழுத்தைத் தொட்ட கையில் ஆல்கஹாலைத் தெளித்து, கரைத்து, குழாய் குழாயாக, கிண்ணம் கிண்ணமாக நானே பூசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். துடைக்கத் துடைக்கக் கூடியது இதனால்தான்.

அந்தப் பொருள் என்ன, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதவை.

ஜூலை 5, சனி

கிண்ணங்களை மூடிக் கட்ட மெழுகுத்தாள் வைத்திருக்கிறோம். இழுத்தால் நீளும், ஈரம் புகாது. அந்தப் பொருளை அதில் மூன்று சுற்றுச் சுற்றினேன். வேர்வையில் மெழுகு கழுத்தில் ஒட்டி, கழுத்து முழுக்கத் தடிப்பு. நடக்கும்போது சாக்லேட் தாள் மாதிரிச் சரசரவென்று சத்தம் வேறு. ஜெனோ சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, மிட்டாய் வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

கிண்ணம் இன்றும் பச்சை.

ஜூலை 7, திங்கள்

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். பத்து நாளைக்குக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்தால் தீர்ந்தது. நூல்தானே? பஞ்சு, மஞ்சள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. விஞ்ஞானி நான். கை முடிச்சு வரைக்கும் போகிறது, அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது. இரண்டு முறை முயன்றேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது, சனியன்.

ஒரு நண்பருக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். "கழட்டி வெச்சுட்டு வேலையப் பாரு அரசி. நான் என்ன ஓடியா போயிருவேன்?" என்றார்.

"ஈசியாச் சொல்றீங்க. அப்ப எதுக்கு மூணு முடிச்சு? ஒரு முடிச்சு போட்டு விட வேண்டியதுதான?"

"ரெண்டாவது முடிச்சே கை நடுங்கித்தான் போட்டேன். மூணாவதப் போட்டது எங்க அக்கா" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு கழற்றவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஐயோ. உயிர்ச் செல் அறைக்குள் இருக்கும் அலமாரியில், சாயப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவை சார் கண்டுபிடித்துவிட்டார். எலுமிச்சை சாதம். அந்த அறைக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

"மஞ்சள்!" என்று உறுமினார். "நம்ம எதிரி மஞ்சள்தான். சோத்து மஞ்சள். யாரோட டப்பா இது?"

ஜெனோவுக்கு முகம் செத்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை. வியாழக்கிழமை எல்லாரையும் இருட்டறையில் நிறுத்தி, புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறாராம். ஒளிர்கிறவர் யாரோ அவர் இனி இந்த ஆய்வகத்தில் கிடையாது. டார்ச் நம்மிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது? சர்வீஸ் இஞ்சினியரிடம். சாரே போன் போட்டு வரச் சொல்லிவிட்டார்.

நான் இஞ்சினியருக்கு எட்டு முறை போன் செய்தேன். எட்டு முறையும் பிஸி. மறுபக்கம் அவர் எனக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

மைக்ராஸ்கோப் அறையில் ஐந்து பேர். சார், ஜெனோ, முத்திருளாயி அக்கா, டார்ச்சோடு வெள்ளைச் சட்டை இஞ்சினியர், கழுத்தில் துப்பட்டாவை மூன்று சுற்றுச் சுற்றிய நான். விளக்கை அணைத்தார்கள்.

"மொதல்ல என்மேல அடிங்க. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றார் சார். அடித்ததும் அவர் சட்டை நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. அது சோப்புத்தூளில் இருக்கும் வெளுப்பான் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். பற்களும் நீலமாக ஒளிர்ந்தன. நடுவில் இரண்டு மட்டும் ஒளிரவில்லை. கதவு இல்லாத வாசல் போல் கன்னங்கரேல் என்று இருந்தது. சொந்தப் பல் ஒளிரும், கட்டின பல் ஒளிராது. இது அந்த அறையில் முத்திருளாயி அக்காவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"ஆத்தீ, சாருக்கு முன்னாடி ரெண்டு பல்லக் காணோம்!" என்றாள் அவள்.

சார் வாயை மூடிக்கொண்டார். "அடுத்த ஆளு" என்று உதட்டைத் திறக்காமல் சொன்னார்.

ஜெனோவின் வலது கையில் ஐந்து விரல் நுனியும் மஞ்சள் பச்சையாக ஜொலித்தன. கீழுதட்டிலும் ஒரு பருக்கை அளவு. சார் இருட்டிலேயே கத்தினார். "நீதானா? ஒரு வாய் சோத்துக்காக ஒருத்தியோட ஆறு வருஷத்த அழிச்சிட்டியே! நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத. வேற கைடு பாத்துக்க."

ஜெனோ தேம்பினாள். "சாரி சார்" என்றாள். அவ்வளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் என்மேல் டார்ச் அடித்திருக்கமாட்டார்கள், பாதிக்கப்பட்டவள் நான்தானே? பழி அவளோடு போயிருக்கும். இன்னும் ஆறு நாளில் குழு, அப்புறம் கையெழுத்து. ஒரு பத்து நொடி அப்படி நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. அப்புறம் துப்பட்டாவை உருவினேன், மேல் பட்டன் மூன்றையும் அவிழ்த்தேன், இஞ்சினியர் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி என் கழுத்திலேயே அடித்துக்கொண்டேன்.

கண்ணாடி பீரோவில் என்னையே பார்த்தேன். இருட்டில் என் முகம் தெரியவில்லை, கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அவ இல்ல சார். நான்தான்."

பட்டனைப் போடப் போனதில் டார்ச் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெளிச்சம் இஞ்சினியர்மேல் விழுந்தது. நீலவெள்ளைச் சட்டையில், இடது தோளில், அதே மஞ்சள் பச்சையில் நீளமாக ஒரு கோடு. காலையில் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். தூக்கம் வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

சார் என் கழுத்தைப் பார்த்தார். இஞ்சினியர் தோளைப் பார்த்தார். மறுபடி என் கழுத்தைப் பார்த்தார்.

"வோல்டேஜ்" என்றார்.

முத்திருளாயி அக்கா குலவை போட்டுவிட்டாள். நல்ல வேளை, அதில் என் அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

விளக்கைப் போட்டதும் சார் கேட்டார். "எப்ப?"

"ஆனி அஞ்சு சார். திருப்பரங்குன்றத்துல. இப்ப விட்டா ரெண்டு வருஷத்துக்கு நேரமில்லன்னு சோசியர் சொல்லிட்டாரு. ரெண்டு வீட்டுலயும் ஒத்தக் கால்ல நின்னாங்க." வீட்டார் மட்டுமா நின்றார்கள்? நானும்தான் நின்றேன்.

அவர் ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் கையை நீட்டினார். "அந்த நாலு பேரும் பத்திரிகையாவது வெச்சாளுக, மங்கையர்க்கரசி. நீ அதுகூட வைக்கல." போய்விட்டார். கையெழுத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி ஜெனோவிடம், தெரியாமலா பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "மொத நாளே தெரியும்க்கா. காய்ச்சல்தான், காய்ச்சல்தான்னு ரெண்டு தடவ எழுதுனா யாருக்குத்தான் தெரியாது? நான் சொன்னா ஒங்க கையெழுத்து போயிருமேன்னுதான்" என்றாள். இவளைத்தான் உருப்படமாட்டாய் என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

சார் வரவில்லை.

ஜூலை 12, சனி

வந்தார். நேராக முத்திருளாயி அக்காவிடம் போய், பல் விஷயம் வெளியே போகக் கூடாது என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? நீங்க பல்ல மறைச்சீக. பிள்ள கழுத்த மறைச்சிச்சு. இந்தச் சின்னக் கழுத சோத்த மறைச்சிச்சு. பாவம், எல்லாரும் பயந்துபோயிக் கெடக்கீக."

சார் ரொம்ப நேரம் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நூலக் கழட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உயிர்ச் செல் அறைக்குள்ள நீ கால் வைக்கக் கூடாது. உள்ள ஜெனோ இருக்கட்டும், நீ கண்ணாடிக்கு வெளிய நின்னு என்ன வேணா பண்ணு. பதினாறாம் தேதி எனக்குப் படம் வேணும்."

ஜூலை 14, திங்கள்

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஜெனோ உள்ளே. சோப்பில் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள். மூன்று நாளாக எலுமிச்சை சாதம் தொடவில்லையாம். தயிர் சாதமும் வடுமாங்காயும்தானாம். வடுமாங்காயும் வேண்டாமடி என்று கத்தினேன்.

போனில் நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். "அஞ்சு மைக்ரோ லிட்டர். மெதுவாடி! குழம்பா ஊத்துற?" சாயம் ஊற்றாத கிண்ணத்தை முதலில் வைக்கச் சொன்னேன். வெளியே உள்ள திரையில் கருகும்மென்று வந்தது. என் வாழ்நாளில் இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அடுத்து சாயம் ஊற்றியது. கறுப்பில் பச்சை வட்டங்கள், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒன்று. பத்து நொடி, மூடு. ஐந்து நிமிஷம் கழித்துப் பத்து நொடி, மூடு.

நாலு மணிக்கு ஒரு வட்டம் சுருங்கியது. கட்டையாக, கோடாக நடுவில் வந்து நின்றது. சார் எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. கோடு இரண்டாகப் பிளந்து, இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நகர்ந்தன. உயிரோடு.

"எடுடி! எடுடி!" என்று நான் கண்ணாடியில் அடித்தேன். உள்ளே ஜெனோ எடுத்துவிட்டு அழுதாள், வெளியே நான் அழுதேன்.

"கல்யாணத்துல ரெண்டு ஒண்ணாகும்பாய்ங்க. இங்க ஒண்ணு ரெண்டாகுது" என்று சார் சிரித்தார். சிரித்ததும் ஞாபகம் வந்து வாயைப் பொத்தினார். அப்புறம் கையை எடுத்துவிட்டு நன்றாகவே சிரித்தார்.

ஜூலை 16, புதன்

குழு ஒரு கேள்விகூட விடாமல் கேட்டது. சாயம் ஊற்றாத கிண்ணம் இவ்வளவு சுத்தமாக எப்படி வந்தது என்று ஒருவர் பாராட்டினார். சார் இருமினார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மீந்திருந்த பத்திரிகை ஒன்றை வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஐந்தாவதாக ஒட்டினார், பக்கத்தில் அந்தப் பச்சைப் படத்தையும். கீழே எழுதச் சிவப்பு மையை எடுத்தவர், வைத்துவிட்டுப் பச்சை மையால் வருஷத்தை எழுதினார். படத்தின் கீழே 'எடுத்தது: ஜெனோவா' என்றும் எழுதினார்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி ஒன்று. காலையிலேயே அறிவிப்புப் பலகையில் சாரின் கையெழுத்தில் ஓர் ஆணை: 'ஆடி மாதம் முடியும் வரை இந்த ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் பழுதாகக் கூடாது.' அத்தையும் போனில் அதையேதான் சொன்னார், மைக்ராஸ்கோப் என்ற சொல் இல்லாமல்.

ஜூலை 19, சனி

மைக்ராஸ்கோப் விளக்கு எரியவில்லை. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா, விளக்குப் பெட்டியில மஞ்சளா உங்க விரல் ரேகை இருக்கு. தொடச்சிட்டேன், ஆல்கஹால் போடாம. இப்படிக்கு ஜெனோ.